கைப்பிடியில் இருந்த சொல்



பழைய ஷேவிங் பிரஷைப் புதுப்பிப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இந்தக் கூட்டத்தின் தலைவர் தம் அறிமுகத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். என் மனைவி பதினோரு வருடமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மேஜைமேல் இரண்டு பிரஷ்களை வைத்திருக்கிறேன். ஒன்று ஊறுகாய் பாட்டிலுக்குள் மூடி போட்டு இருக்கிறது. இன்னொன்று துண்டின்மேல் கிடக்கிறது. இரண்டும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. இரண்டையும் புதுப்பித்தது நான்தான். ஆனால் பாட்டிலில் இருப்பதை நான் புதுப்பித்தேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

பாட்டிலில் இருப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. தார்ப்பாயில் பரப்பியிருந்த பித்தளைப் பூட்டுகளுக்கும் கழன்ற ரேடியோ குமிழ்களுக்கும் நடுவில் கிடந்தது. வெண்ணெய் உருக்கிய நிறத்தில் பருத்த கைப்பிடி, அதன்மேல் சோப்பு இறுகிக் கல்லாகிப்போன மயிர்க்குஞ்சம். "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் சார், முந்நூறு குடுங்க" என்றார் கடைக்காரர். நூற்றைம்பதுக்குப் படிந்தது. வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். புதுப்பித்த பிறகு முன்னும் பின்னுமாக நாலு பேருக்குக் காட்டி மெச்சிக்கொள்ளலாமே என்ற ஆசை.

பிறகு வேலையில் இறங்கினேன். மயிரை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தேன், ஷாம்பூ போட்டேன், சீப்பால் வாரினேன். ஒரு மயிர்கூட உதிராமல் காப்பாற்றியதில் அத்தனை பெருமை. கைப்பிடியை வாட்டர் பேப்பர் வைத்து இழைத்தேன். நானூறு, அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பிராசோ போட்டுத் துடைத்தபோது என் முகம் அதில் தெரிந்தது. எட்டு மாதம் அந்தப் பிரஷால்தான் முகச்சவரம் செய்துகொண்டேன்.

ஒருநாள் நண்பர் ஒருவருக்குக் காட்டுவதற்காக அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கினேன். கைப்பிடியின் இடுப்பில் மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. தயாரித்த கம்பெனியின் பெயர், அதன் கீழே ஒரே ஒரு சொல்: 'ஸ்டெரிலைஸ்டு'. கிருமி நீக்கப்பட்டது என்று பொருள். கையில் இருந்த பிரஷைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எழுத்து இருந்த சுவடே இல்லை. நான்தான் தேய்த்து அழித்திருந்தேன்.

சரி, விளம்பரத்துக்குப் போட்டிருப்பார்கள் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனால் முகத்தில் நுரை தேய்க்கிற ஒரு பிரஷுக்கு எதற்கு இந்தச் சத்தியம்? சீப்பில் இப்படி யாரும் எழுதுவதில்லை. தோசைக்கரண்டியிலும் எழுதுவதில்லை. இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் அது முதல் உலகப் போரில் கொண்டுபோய் விட்டது.

அதற்கு முன் மயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஷேவிங் பிரஷில் மூன்று விலங்குகளின் மயிரைப் பயன்படுத்துகிறார்கள்: பன்றி, குதிரை, பேட்ஜர். பேட்ஜர் என்பது ஐரோப்பாவிலும் சீனாவிலும் வளை தோண்டி வாழ்கிற விலங்கு. நம் ஊர்க் காடுகளில் உள்ள தரைக்கரடியைத் தூரத்து உறவு என்று சொல்லலாம். பேட்ஜர் மயிர் அடியில் வெளுப்பு, நடுவில் கறுப்பு, நுனியில் மறுபடி வெளுப்பு என்று பட்டை பட்டையாக இருக்கும். நுனி ஊசிபோல மெலிந்து முடிவதால் கன்னத்தில் குத்தாது. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் அதற்கு விலை. பன்றி மயிர் முதலில் முரடாக இருந்து, பழகப் பழக நுனி பிளந்து மெத்தென்று ஆகும். குதிரை மயிர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

போருக்கு முன்னால் பேட்ஜர் மயிர் பெரும்பாலும் ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்து, ஜெர்மனியில் சுத்தமாகித் தரம் பிரிந்து, மற்ற நாடுகளுக்குப் போனது. 1914-இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. ஆனால் பிரஷுக்கான தேவையோ ஏறிக்கொண்டே போனது. வாயு முகமூடி முகத்தோடு இறுக ஒட்ட வேண்டுமென்றால் தாடி இருக்கக்கூடாது, ஆகவே படைவீரன் தினம் மழித்தாக வேண்டியிருந்தது. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு அதன் படைக்கென்று ஜில்லெட் கம்பெனி கொடுத்த ரேசர்கள் மட்டும் 35 லட்சம். ரேசர் இருந்தால் பிரஷும் வேண்டுமே.

இந்த இடத்தில்தான் குதிரை நுழைகிறது. கிழக்காசியாவிலிருந்து மலிவாக வந்த குதிரை மயிரை வெளுத்து, சாயம் தோய்த்து, பேட்ஜர் மாதிரி பட்டை வைத்தார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அப்படிச் செய்த பிரஷ்களில் ஒரு பகுதி கிருமி நீக்கம் சரியாகச் செய்யப்படாமலே விற்பனைக்குப் போய்விட்டது. மயிரோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஆந்த்ராக்ஸ். நம் கிராமத்தில் மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் அடைப்பான் என்பார்கள். அதே நோய்தான்.

சவரம் செய்யும்போது முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கிருமிக்கு அதைவிட வசதியான வாசல் ஏது? கன்னத்திலோ கழுத்திலோ ஒரு சிறு கொப்புளம் தோன்றும். வலிக்காது. இரண்டொரு நாளில் நடுவில் கரிபோலக் கறுத்துப் பொருக்காகும். ஆந்த்ராக்ஸ் என்ற சொல்லே கிரேக்க மொழியில் நிலக்கரியைக் குறிப்பதுதான். கழுத்து வீங்கி, நச்சு ரத்தத்தில் கலந்தால் ஆள் பிழைப்பது கடினம். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைவீரர்களும் பொதுமக்களுமாக இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு இப்படிப் புது பிரஷ் வழியாக நோய் வந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பதுங்குகுழியில் குண்டுக்குத் தப்பியவன் காலையில் கண்ணாடி முன் நின்று நுரை போட்டதற்காகச் செத்திருக்கிறான்.

பிரிட்டனில் கம்பளி ஆலைத் தொழிலாளர்கள் இந்த நோயை வெகுநாளாகவே அறிவார்கள். பிராட்ஃபோர்டு நகரத்தில் இதற்குக் கம்பளி பிரிப்பவர் நோய் என்றே பெயர். 1919-இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானிலிருந்து வரும் ஷேவிங் பிரஷ்களுக்குத் தடை. அமெரிக்காவிலும் கட்டுப்பாடுகள் இறுகின. வாங்குகிறவன் பயந்துபோயிருந்தான். தயாரிக்கிறவர்கள் கைப்பிடியில் தங்கள் பெயரைப் பொறித்து, பக்கத்தில் அந்த ஒரு சொல்லையும் பொறித்தார்கள். நான் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்தது அந்தச் சொல்லைத்தான்.

ஆக நான் செய்தது என்ன? தூக்கி எறிய வேண்டிய மயிரைச் சீராட்டிக் காப்பாற்றினேன். காப்பாற்ற வேண்டிய எழுத்தைச் சிரத்தையாக அழித்தேன். புதுப்பித்தலில் தலைகீழாகப் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

"நூறு வருஷம் ஆச்சே, இன்னுமா கிருமி இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஸ்காட்லாந்துக் கரையோரம் குரூய்னார்ட் என்று ஒரு குட்டித் தீவு. 1942-இல் பிரிட்டிஷ் அரசு அங்கே ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் குண்டு வெடித்துச் சோதனை செய்தது. அந்த மண்ணை மனிதர் மிதிக்கலாம் என்று அறிவிக்க 1990 ஆகிவிட்டது. அதுவும் ஃபார்மால்டிஹைடு கரைசலைத் தீவு முழுக்கத் தெளித்த பிறகு. இந்தக் கிருமி தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்துபோல உறங்கும். வெயில், வறட்சி, காலம் எதுவும் அதற்குப் பெரிதல்ல. வெறுமனே கொதிக்கவைத்தால் போதும் என்று நம்ப முடியாது. 121 டிகிரியில் அழுத்த நீராவி வேண்டும். அந்தச் சூட்டில் கைப்பிடியும் பசையும் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பழைய பிரஷில் இப்போது நோய் வரும் அபாயம் மிகக் குறைவு என்றுதான் மருத்துவ ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். எனக்கு எட்டு மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை. விஷயம் தெரிந்ததும் டாக்டரிடம் ஓடினேன். அவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போய் வாருங்கள் என்றார். ஆனால் குறைவு என்பது வேறு, தேவையா என்பது வேறு. 1930-க்கு முந்தைய பிரஷின் மயிர் எந்த விலங்குடையது, எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. அதை வீட்டில் சுத்திகரிக்கவும் முடியாது. அப்படியானால் கீறல் விழுந்த கன்னத்தில் அதை எதற்காகத் தேய்க்க வேண்டும்?

எனவே இரண்டாவது பிரஷுக்கு வருகிறேன். இது அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து நூவார்க் நகரில் செய்தது, ரப்பர்செட் கம்பெனியுடையது. அந்தப் பெயரிலேயே அவர்கள் தொழில் ரகசியம் இருக்கிறது. அதற்கு முன் குஞ்சத்தின் அடியைக் குங்கிலியம், அரக்கு மாதிரியான பிசினில் முக்கிக் கைப்பிடிக் குழிக்குள் இறக்குவார்கள். வெந்நீர் பட்டுப் பட்டுப் பிசின் இளகும், மயிர் உதிரும். மழித்து முடித்தவன் முகத்தில் நாலு முடி ஒட்டியிருக்கும். ரப்பர்செட்காரர்கள் மயிரின் அடியை ரப்பரில் புதைத்து, கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிக் கல்லாக்கிவிட்டார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் பெயின்ட் அடிக்கிற பிரஷில் வருகிறது. புரூக்ளினில் இருந்த அமெரிக்கன் சேஃப்டி ரேசர் கம்பெனியின் எவர்ரெடி பிரஷ்களும் இதே காலத்துப் போட்டியாளர்கள்தான். பழைய சாமான் சந்தையில் இந்த இரண்டும்தான் அடிக்கடி கண்ணில் படும்.

மயிர் உதிராமல் இருக்கட்டும் என்று ரப்பர்செட்காரன் அன்றைக்குச் செய்த வேலையை இன்றைக்கு நாம் குடைந்து எடுக்க வேண்டும். அங்கேதான் உயிர் போகும்.

முதலில் குஞ்சத்தை சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்துவிடுங்கள். கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும். ஈரமாக இருக்கும்போதே கத்தரிக்கோலால் அடியோடு வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். காய்ந்த மயிரில் கத்தரி போடாதீர்கள், ஊதாதீர்கள், வாராதீர்கள். பிறகு கைப்பிடியைப் பழைய சைக்கிள் டியூபில் சுற்றி வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். நேரே வைஸில் வைத்தால் பல் பதிந்துவிடும். பிசினில் ஊன்றிய குஞ்சம் என்றால் டிரில் போட்டதுமே பொடிப்பொடியாக வந்துவிடும். ரப்பர் அப்படி வராது, டிரில்லைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேகம் வைத்தால் ரப்பர் கருகுகிற நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போகும். நடுவில் சிறிய துளை ஒன்று போட்டு, மெதுவாக, விட்டுவிட்டு, நடுநடுவே ஈரப்படுத்தி, மிச்சத்தைச் சிற்றுளியால் சுவர் ஓரமாகச் செதுக்கி எடுக்க வேண்டும். இந்த ஒரு கைப்பிடிக்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

அதற்கும் முன்னால், கைப்பிடி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு, நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. அதன் பக்கத்தில் நெருப்புக் கூடாது, டிரில்லின் சூடும் ஆகாது. கார்பாலிக் மாதிரி ஒரு நெடி, நம் வீட்டுப் பழைய கறுப்பு சுவிட்ச் சூடானால் வருமே, அது வந்தால் பேக்லைட் வகை. லியோ பேக்லாண்ட் 1907-இல் கண்டுபிடித்தது. மரத்தூளோ சில சமயம் கல்நாரோ கலந்திருக்கும் என்பதால் அதைக் காய்ந்த நிலையில் இழைக்கவே கூடாது. பால் பொருள் தீய்ந்த வாசனையாக இருந்தால் கேசீன். பாலின் புரதத்தைக் கெட்டிப்படுத்திச் செய்த பிளாஸ்டிக் அது. பார்க்கத் தந்தம் மாதிரி இருக்கும், தண்ணீரில் ஊறவைத்தால் உப்பிக் கோணிப்போகும். அப்படி ஒன்றை ராத்திரி முழுக்க வாளியில் போட்டுவிட்டுக் காலையில் எழுந்து பார்த்தவன் நான்.

என் பாட்டில் பிரஷும் இந்தத் துண்டுமேல் இருப்பதும் கேட்டலின். 1927-இல் பேக்லைட்டின் காப்புரிமை காலாவதியான பிறகு வந்த சரக்கு. தூள் எதுவும் கலக்காமல் பிசினை அப்படியே அச்சில் ஊற்றி நாள்கணக்கில் இறுகவிடுவார்கள். அதனால் உள்ளே வெளிச்சம் ஊடுருவும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெண்ணெய் உருக்கிய நிறம், கருப்பட்டி மிட்டாய் நிறம் என்றெல்லாம் இன்று சேகரிப்பாளர்கள் மயங்குகிற அந்த மஞ்சள், கடையில் விற்றபோது கிடையாது. அன்றைக்கு வெள்ளை. காற்றும் வெளிச்சமும் மேல்தோலை மட்டும் மஞ்சளாக்கியிருக்கிறது. நீலம் இதே மாதிரி பச்சையாகியிருக்கும். அரை மில்லிமீட்டர் இழைத்தால் உள்ளிருந்து பழைய வெள்ளை எட்டிப்பார்க்கும்.

அதை வெளியே கொண்டுவரலாமா? இங்கே எங்கள் கூட்டத்துக்குள்ளேயே சண்டை. தயாரித்தவன் நினைத்த நிறம் வெள்ளைதானே, அதைத் திருப்பிக் கொடுப்பதுதானே புதுப்பித்தல் என்பார் ஒருவர். எனக்கு அந்த வாதம் பிடிபடுகிறது, மனம் ஒப்பவில்லை. மேல்தோலை எடுத்தால் எழுத்தும் கூடவே போகும். வெள்ளையைத் திருப்பிக் கொடுத்தாலும் மீண்டும் எண்பது வருடத்தில் அது மஞ்சளாகிவிடும். போன எழுத்து எண்பது வருடத்தில் திரும்பி வராது. அழுக்கு எடுக்க மிதமான சோப்பும் மென்மையான பல்துலக்கும் பிரஷும் போதும். ஆழமான கீறல் இருக்கிற இடத்தில் மட்டும், ஈரத்தோடு, இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர். எழுத்து இருக்கிற இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் நான் இப்போதெல்லாம் பிராசோ டப்பாவையே திறக்கிறேன். எழுத்துக்குள் இருந்த சாயம் போயிருந்தால் துளி எனாமல் பெயின்ட் தடவி, விசிட்டிங் கார்டு ஓரத்தால் வழித்துவிடலாம். பள்ளத்தில் தங்கியது தங்கும். எழுத்தை ஆழப்படுத்துகிறேன் என்று ஊசி எடுத்துக் கீறுகிறவர்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

குழி தயாரான பிறகு புதுக் குஞ்சம். பழையபடி விலங்கு மயிரைத்தான் வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நான் செயற்கை நார் வைக்கிறேன். ஆரம்பகால நைலான் பிரஷ் துடைப்பம் மாதிரி இருந்தது உண்மை. இன்றைய நார் நுனி மெலிந்து, பேட்ஜரோடு போட்டி போடுகிறது, சீக்கிரம் காய்கிறது. இந்தக் கைப்பிடியின் குழிக்கு 22 மில்லிமீட்டர் குஞ்சம் சரியாக இருந்தது. அகலத்தைவிட முக்கியம், குழிக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது. ஆழமாக இறக்கினால் குஞ்சம் விறைப்பாக நிற்கும், உயர்த்தினால் தொளதொளவென்று சாயும். பசை போடாமல் முதலில் வெறுமனே நிறுத்தி, கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, அடியில் மரவில்லை ஒன்றைப் போட்டு உயரத்தைச் சரிசெய்தேன். 50 மில்லிமீட்டரில் நின்றது. ஒட்டுவதற்கு ஆரல்டைட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் நான் சிலிக்கான் போடுகிறேன். எனக்குப் பிறகு யாரோ ஒருவர் இந்தக் குஞ்சத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். ரப்பர்செட்காரன் எனக்குக் கொடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையை நான் அவருக்குக் கொடுக்க விரும்பவில்லை.

எல்லாப் பழைய பிரஷையும் மொட்டையடித்துவிடுங்கள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டனில் 1919-இல் அலெக்சாண்டர் சிம்ப்சன் தொடங்கிய பட்டறை இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அழிந்து, சாமர்செட்டில் ஒரு பழைய ஆலைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே போருக்குப் பிறகு கையால் கட்டிய பேட்ஜர் குஞ்சம் ஒன்று உங்களிடம் வந்து, மயிர் உறுதியாகவும் இருந்தால், வெட்டுவது பாவம். வெதுவெதுப்பான நீர், துளி பாத்திரம் கழுவும் சோப்பு, உப்புப் படிந்திருந்தால் பத்து நிமிடம் வினிகர்த் தண்ணீர். உதறிக் காயவையுங்கள், முடிந்தது. 1777-லிருந்து தொழில் நடத்தும் கென்ட் கம்பெனியின் பிற்காலத்து பிரஷ்களுக்கும் இதேதான். ஆண்டு தெரிய வேண்டும், மயிர் எது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கத்தரி.

சரி, துண்டின்மேல் இருக்கிற பிரஷை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். கைமாறிக் கடைசி வரிசைவரை போகட்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இடுப்புப் பக்கம் எழுத்து தெரியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாதவர்கள் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், ஒன்பதாவது எழுத்துவரை இருக்கிறது, பத்தாவது என் கைக்கு வருவதற்கு முன்பே தேய்ந்துவிட்டது. பாட்டிலில் இருப்பதை அனுப்பமாட்டேன். மூடியைத் திறக்க வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு.